பெரிய பென்டிரைவ்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: 256 ஜிபி பென்டிரைவ் இருக்கிறது; குடும்பப் போட்டோ எல்லாம் அதில் பத்திரம்.

முதலில் விட வேண்டிய எண்ணம் இதுதான். நாம் ஏற்றுவதெல்லாம் பென்டிரைவின் ஃபிளாஷ் சிப்புக்குள் மிக நுண்ணிய அறைகளில் மின்னூட்டமாக நிற்கிறது. கம்ப்யூட்டரில் செருகாமல் ஆண்டுக்கணக்கில் பீரோவில் போட்டுவைத்தால் அது மெல்லக் கசியும். வெயிலில் நிற்கும் காருக்குள் கிடந்தால் இன்னும் வேகமாகக் கசியும். மலிவான டிரைவுகளில் ஓர் அறைக்குள் மூன்று, நான்கு பிட்டுகளை நெருக்குவதால் தாங்கும் காலமும் குறைகிறது. கல்யாண வீடியோவை இப்போது பல ஸ்டுடியோக்காரர்கள் பென்டிரைவில்தான் தருகிறார்கள். தயவுசெய்து, வாங்கிய அன்றே ஹார்ட் டிஸ்கில் ஒரு காப்பி எடுத்துவிடுங்கள். இரண்டாவது காப்பிக்குப் பென்டிரைவ் நல்லது. இருக்கும் ஒரே காப்பியை அதில் வைக்காதீர்கள்.

நம்பிக்கை: 128 ஜிபி என்று விற்றுவிட்டு 119தான் காட்டுகிறது, ஏமாற்றிவிட்டார்கள்.

இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது. அவ்வளவுதான்.

உண்மையான ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது. சில நூறு ரூபாய்க்கு ‘2 டிபி’ பென்டிரைவ் விற்கிறார்களே, அதற்குள் 32 ஜிபி சிப் இருக்கலாம். கூடுதல் இடம் இருப்பதாகக் கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும்படி அதன் கன்ட்ரோலரை மாற்றியிருப்பார்கள். 32 ஜிபி நிறைந்த பிறகும் கோப்புகள் ஏறுவதுபோலவே தெரியும். பெயர் இருக்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவச மென்பொருள்கள் டிரைவை முழுக்க நிரப்பி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். புதிதாக வாங்கியதும் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.

நம்பிக்கை: பெரிய படம் ஏறவில்லை, டிரைவ் கெட்டுவிட்டது.

பெரும்பாலும் ஃபார்மட்தான் காரணம். ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்ட முடியாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் ஏறும். மாற்றும்போது உள்ளே இருப்பது அழிந்துவிடும் என்பதால் காப்பி எடுத்துக்கொண்டு மாற்றுங்கள். பழைய டிவிகளும் கார் ஸ்டீரியோக்களும் பல நேரம் எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது. காரில் பாட்டுக் கேட்க ஃபேட்32 போதும்.

நம்பிக்கை: இவ்வளவு இடம் பாட்டுக்கும் படத்துக்கும்தான்.

இதைவிட நல்ல வேலை இருக்கிறது. வென்டாய் என்ற இலவச மென்பொருளைக் காலி டிரைவில் நிறுவி, லினக்ஸ் மின்ட், விண்டோஸ் நிறுவல் என்று பல ஐஎஸ்ஓ கோப்புகளை அப்படியே காப்பி செய்து போடலாம். அதிலிருந்து பூட் செய்தால் எது வேண்டும் என்று பட்டியல் காட்டும். விண்டோஸ் திறக்காமல் நின்றுபோன லேப்டாப்பில், ஹார்ட் டிஸ்க் பழுதாகாமலும் பிட்லாக்கரால் பூட்டப்படாமலும் இருந்தால், லினக்ஸை இந்தப் பென்டிரைவிலிருந்தே ஓட்டி உள்ளே இருக்கும் கோப்புகளை வெளியே எடுத்துவிடலாம். பிள்ளையின் புராஜெக்ட், கடைக் கணக்கு எல்லாம் தப்பிக்கும். மீதி இடத்தில் வழக்கம்போல மற்ற கோப்புகளையும் வைத்துக்கொள்ளலாம்.

நம்பிக்கை: டெலீட் செய்தால் போய்விடும்.

போகாது. அழித்த ஆதார் நகலை ரெக்கவரி மென்பொருளால் பல நேரம் மீட்க முடியும். ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோக, பிரின்ட் எடுக்க வேண்டியதை மட்டும் ஏற்றிய சின்ன டிரைவ் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய டிரைவில் ஆவணங்கள் இருந்தால் வெராகிரிப்ட் என்ற மென்பொருளால் கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்கள். அந்தக் கடவுச்சொல்லை மறந்தால் மீட்க வழியில்லை என்பதால் வீட்டில் எழுதி வையுங்கள்.