பிரித்து மாட்டும் கணினி: வாங்குமுன் அறிய வேண்டியவை

ஒரு பொருள் இரண்டு பொருள்களின் வேலையைச் செய்யுமென்றால் அதன்பால் மனம் செல்வது இயல்பு. விசைப்பலகையோடு சேர்த்தால் லேப்டாப், கழற்றிவிட்டால் டேப்லெட் என இருவகையாகவும் பயன்படும் சிறு கணினிகள் இப்பொழுது மலிவாகவே கிடைக்கின்றன. இவற்றை வாங்குவது பற்றிய தீர்மானங்கள் சங்கங்களின் நிர்வாகக் குழுக் கூட்டங்களில் வரக் காண்கிறோம். கல்லூரியில் சேரும் மகனுக்கோ மகளுக்கோ இதை வாங்கலாமா என்று அங்கத்தினர்கள் நம்மிடம் வினவுவதும் உண்டு. விலை உயர்ந்த வகைகளைப் பற்றி இங்கே பேசப் புகவில்லை. குடும்பச் சேமிப்பிலோ சங்கத்தின் பொது நிதியிலோ வாங்கத்தக்க மலிவான வகையையே ஆராய்வோம்.

முதலில் இதன் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரண லேப்டாப்பில் செயலி, மின்கலம், சேமிப்பகம் ஆகிய யாவும் விசைப்பலகையின் அடியில் இருக்கின்றன. திரை வெறும் மூடியே. பிரித்து மாட்டும் கணினியிலோ அவை யாவும் திரையின் பின்னால் உள்ளன. விசைப்பலகை பெரும்பாலும் வெறுந்தகடு. இந்த ஒரு மாறுதலிலிருந்தே இதன் குணங்களும் குறைகளும் ஏறக்குறைய அனைத்தும் பிறக்கின்றன. தலை கனத்து அடி இலேசாக இருப்பதால் அது பின்புறமாகச் சாயப் பார்க்கும். அதைத் தடுக்க, விசைப்பலகையில் வேண்டுமென்றே கனம் சேர்ப்பார்கள். அல்லது திரைக்குப் பின்னால் ஒரு முட்டுக்கால் வைப்பார்கள். முட்டுக்கால் வைத்தது மேசைமீது நன்றாக நிற்கும், மடியில் நிற்காது. பாயில் அமர்ந்து, மடியில் வைத்து எழுதும் பழக்கமுடையோர் கடையிலேயே அவ்வாறு வைத்துப் பார்த்துக்கொள்வது நலம்.

இவ்வகைக் கருவிகள் முளைத்த வரலாறும் சிறிது தெரிந்திருக்க வேண்டும். ஏனெனில், பழையவை இன்றும் கைமாற்று விலைக்கு வருகின்றன. 2011-இல் ஆசுஸ் நிறுவனம் ஆண்ட்ராய்டு டேப்லெட் ஒன்றுக்குக் கழற்றும் விசைப்பலகை சேர்த்து விற்றது. 2012-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் சர்ஃபேஸ் ஆர்.டி. என்ற கருவியை வெளியிட்டது. பார்வைக்கு அது விண்டோஸ் கணினியே. ஆனால், உள்ளிருந்த செயலி வேறு இனம். ஆதலால், மக்கள் பழகியிருந்த விண்டோஸ் மென்பொருள்கள் அதில் ஏறவில்லை. மறு ஆண்டு அந்நிறுவனம் விற்காத சரக்கின் பொருட்டு 90 கோடி டாலர் நஷ்டம் எழுத நேர்ந்தது. முகம் ஒன்றாக இருந்தால் அகமும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணியவர்கள் ஏமாந்தனர். 2013-இல் வந்த ஆசுஸ் டி100 இக்குறையைத் தீர்த்தது. 10.1 அங்குலத் திரை, 2 ஜி.பி. ரேம், முழு விண்டோஸ், அமெரிக்காவில் தொடக்க விலை 349 டாலர். நம் நாட்டில் 2015-இல் மைக்ரோமேக்ஸ் நிறுவனம் 14,999 ரூபாய்க்கு லேப்டேப் என்ற பெயரிலேயே இவ்வகைக் கருவி ஒன்றை விற்றது. 2018-இல் சர்ஃபேஸ் கோ 399 டாலருக்கு வந்தது. ஆனால், விசைப்பலகை தனி விலை! 2020-இல் லெனோவோ டூயட் 279 டாலருக்கு விசைப்பலகையும் முட்டுக்கால் மூடியும் சேர்த்தே வந்தது. அது குரோம் ஓ.எஸ். என்னும் கூகிள் அமைப்பில் இயங்குவது.

இனி, குணங்களைச் சொல்வோம். டூயட்டின் திரைப்பகுதி மட்டும் ஏறக்குறைய 450 கிராம். ஒரு கையில் ஏந்தி வயலுக்குச் சென்று, நோய் கண்ட இலையைப் படம் பிடித்து வேளாண்மை அலுவலருக்கு அனுப்பலாம். புடவை வாங்க வந்த வியாபாரிக்கு நூறு டிசைன்களை விரல் தள்ளத் தள்ளக் காட்டலாம். சிறிய செயலி ஆதலால் மின்சாரம் குறைவாகவே செலவாகும். புதிய மின்கலம் பகற்பொழுது முழுவதும் தாங்குவது அரிதன்று. மின்தடையுள்ள ஊர்களில் இது பெரிய வசதி. மேலும் இவற்றுள் பலவற்றில் காற்றாடி கிடையாது. நெசவாளர் வீட்டிலும் தறிக்கூடத்திலும் பறக்கும் பஞ்சுத் தூசு சாதாரண லேப்டாப்பின் காற்றாடியை ஓரிரு ஆண்டுகளில் அடைத்துவிடுவதைப் பலரும் கண்டிருப்பர். காற்றாடியே இல்லாத கருவிக்கு அந்தப் பிணி இல்லை. ஆனால், சித்திரை வெயிலில் ஓட்டுக் கூரையின் கீழ் வைத்து வேலை வாங்கினால், சூட்டைத் தணிக்க வழியின்றி அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நல்ல வெயிலில் திரையும் தெளிவாகத் தெரியாது.

சேமிப்பகம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெட்டியின் மேல் 32 ஜி.பி. என்று அச்சிட்டிருக்கும். அது 3,200 கோடி பைட்டுகளைக் குறிக்கும். விண்டோஸோ ஒரு ஜி.பி.யை 107 கோடிக்குச் சற்று மேற்பட்ட பைட்டுகளாகக் கணக்கிடுகிறது. ஆகவே, திரையில் 29.8 என்றே காட்டும். ஒருவர் மீட்டரிலும் மற்றொருவர் கஜத்திலும் அளந்தால் துணி ஒன்றாயினும் எண் வேறாவது போன்றது இது. இதில் மோசடி ஏதுமில்லை. மோசம் அடுத்த படியில் இருக்கிறது. இயக்க அமைப்பே அந்த இடத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. ஆண்டுதோறும் வரும் பெரிய புதுப்பிப்புகள் தம்மை விரித்து வைக்கப் பல ஜி.பி. வெற்றிடம் கேட்கின்றன. இடமில்லையேல் புதுப்பிப்பு நின்றுவிடும். பாதுகாப்பும் அத்துடன் பின்தங்கும். சாதாரண லேப்டாப்பாயின் பெரிய தட்டு வாங்கி மாற்றலாம். இங்கோ சேமிப்பகச் சில்லும் ரேமும் தாய்ப்பலகையில் ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். வாங்கிய அன்று எவ்வளவோ, கடைசி நாளிலும் அவ்வளவே. ஆகவே, 4 ஜி.பி. ரேமும் 64 ஜி.பி. சேமிப்பகமும் இல்லாத விண்டோஸ் கருவியை எந்த விலைக்குத் தந்தாலும் வேண்டாம் என்போம். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்த அளவே அது. வசதியாக வேலை செய்ய 8 ஜி.பி. ரேமும் 128 ஜி.பி. சேமிப்பகமும் தேவை.

பற்றவைத்த சில்லினால் வரும் தீங்கு இடக்குறைவு மட்டுமன்று. நாம் பார்வையிட்ட ஒரு நெசவாளர் சங்கத்தில் நெசவாளர்களின் கூலிக் கணக்கை இத்தகைய கருவி ஒன்றில் எழுதி வந்தனர். ஒரு நாள் மின்னேற்றும் துளை ஆட்டங்கண்டு, பிறகு பலகையே செயலற்றுப் போயிற்று. லேப்டாப்பாக இருந்தால் தட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்திக் கணக்கை மீட்டிருக்கலாம். இதில் சில்லும் பலகையோடு போயிற்று. ஐந்து மாதக் கணக்கை, நெசவாளர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் சென்று, பாஸ் புத்தகத்தில் பாவு கொடுத்த தேதியும் புடவை வந்த தேதியும் பார்த்துத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. புத்தகத்தைத் தொலைத்திருந்த இருவரின் கூலிப் பாக்கி எவ்வளவு என்பதில் தகராறு எழுந்து, அது தீர நெடுநாள் ஆயிற்று. ஓர் இளம் குமாஸ்தாவைக் குறை கூறிப் பயனில்லை. பிரதி எடுக்க வேண்டும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. இத்தகைய கருவியில் கணக்கு எழுதுவதாயின் அன்றாடம் மாலையில் பென் டிரைவில் ஒரு பிரதி, வாரம் ஒரு முறை காகிதத்தில் ஒரு பிரதி என்பது கட்டாயம்.

விசைப்பலகைக்கு வருவோம். பத்து அங்குலத் திரைக்கு ஏற்ற விசைப்பலகை குறுகலாகவே இருக்கும். இடம் போதாதபோது, உற்பத்தியாளர்கள் எழுத்துச் சாவிகளை முழு அளவில் விட்டு, வலப்பக்கத்து நிறுத்தக்குறிச் சாவிகளைச் சுருக்கிவிடுவது வழக்கம். ஆங்கிலம் எழுதுவோருக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. ஆனால், 1999-இல் தமிழ்நாட்டு அரசு தரப்படுத்திய தமிழ்99 முறையில் அரைப்புள்ளிச் சாவியில் ‘ந’வும், அதையடுத்து ‘ய’வும், சதுர அடைப்புச் சாவிகளில் ‘ச’வும் ‘ஞ’வும், சாய்கோட்டுச் சாவியில் ‘ழ’வும் அமைந்துள்ளன. சுருக்கப்பட்டவை நமக்கு நாள்முழுதும் வேண்டிய எழுத்துகள்! ஆகவே, தமிழில் கடிதமும் தீர்மானமும் எழுதுவோர் கடையிலேயே ‘சங்க நிர்வாகம்’, ‘நெய்யும் தொழில்’ என்று நாலு வரி அடித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். விரல் தவறினால் அக்கருவி நமக்கு ஏற்றதன்று. விசைப்பலகையும் திரையும் சேருமிடத்தில் சில சிறு உலோகப் புள்ளிகள் உண்டு. வியர்வையும் தூசும் படிந்தால் தொடர்பு விட்டுவிட்டு வரும். உலர்ந்த மென்துணியால் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகும். விசைப்பலகையே கெட்டால் அந்த மாதிரிக்குரியதைத்தான் தேட வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பின் அது அகப்படுவது அரிது.

துளைகள் குறைவு என்பதையும் மறக்கலாகாது. டூயட்டில் ஒரே ஒரு யூ.எஸ்.பி. துளைதான். மின்னேற்றும்போது பென் டிரைவ் செருக இயலாது. பிரிப்பான் ஒன்று தனியே வாங்க வேண்டும். அச்சு இயந்திரம், விரல்ரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்பச் சாவி ஆகியவற்றை மாட்டும் சங்க அலுவலகத்துக்கு இது போதாது. அவற்றை இயக்கும் மென்பொருள்களும் பெரும்பாலும் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டவை, குரோம் ஓ.எஸ்.ஸில் இயங்கும் என்று எண்ணி வாங்கினால் ஏமாற்றமே.

பழைய கருவி வாங்குவோர் ஆயுளையும் விசாரிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கு அளித்து வந்த பொது ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. முதல் சர்ஃபேஸ் கோ, டி100 ஆகியவற்றின் செயலிகள் விண்டோஸ் 11-க்குரிய பட்டியலில் இல்லை. ஆகவே, அவை பார்வைக்குப் புதியனவாக இருப்பினும் பாதுகாப்புப் புதுப்பிப்பு முறையாகக் கிடைக்காதவை. வங்கிக் கணக்கைத் திறக்க அவற்றைப் பயன்படுத்தலாகாது. குரோம் கருவிகளுக்குப் பத்தாண்டுப் புதுப்பிப்பு என்று கூகிள் 2023-இல் அறிவித்தது. ஆனால், அந்தப் பத்தாண்டு நாம் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதன்று. அவ்வகைக் கருவி முதலில் வெளிவந்த காலத்திலிருந்து எண்ணப்படுவது. கருவியின் அமைப்புப் பகுதியிலேயே முடிவுத் தேதி காணலாம். கடைக்காரர் முன்னிலையில் அதைத் திறந்து பார்ப்பதில் வெட்கம் ஏதுமில்லை.

ஆக, கணக்கு மேசைக்கு இது வேண்டாம். அதே பணத்துக்கு, ரேமும் தட்டும் மாற்றத்தக்க சாதாரண லேப்டாப், சற்றுப் பழையதாயினும் விண்டோஸ் 11 ஏற்பதாயின் மேல். விற்பனைக்கும் வயலுக்கும் செல்வோருக்கு இது தக்கது. கல்லூரி மாணவருக்கு எது படிப்பு என்பதைப் பொறுத்தது. பாடம் படித்துக் கட்டுரை எழுதும் கலைப் பிரிவினருக்குப் போதும். பொறியியலோ கணினி அறிவியலோ பயில்வோருக்கு முதல் ஆண்டுக்குள்ளேயே போதாமற் போகும். மகளின் படிப்புக்கென்று கடன் வாங்கும் பெற்றோர், கல்லூரியில் எந்த மென்பொருள் பயன்படுத்துவார்கள் என்று ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கடைக்குச் செல்லட்டும்.

வாங்கிய பின், இரவு பகலாக மின்னேற்றியிலேயே மாட்டி வைக்கலாகாது. ஒட்டி மூடப்பட்ட மின்கலம் சூட்டில் உப்பித் திரையையே மேலே தூக்கிவிடுவது உண்டு. திரை ஓரம் விலகுவதாகத் தோன்றினால் உடனே அணைத்து, அழுத்தாமல் பழுது பார்ப்பவரிடம் கொடுக்க வேண்டும்.

சங்கக் காரியதரிசிகளுக்கு ஒன்று. இருப்புப் பதிவேட்டில் ‘கணினி 1’ என்று ஒரே வரியில் எழுதாதீர்கள். திரைப்பகுதி, விசைப்பலகை, மூடி, மின்னேற்றி, பிரிப்பான் என்று தனித்தனி வரியாக, வரிசை எண் உள்ளவற்றுக்கு அந்த எண்ணோடு எழுதுங்கள். கழற்றும் பொருள் ஆதலால் ஒரு பகுதி ஒருவர் வீட்டிலும் மற்றொரு பகுதி அலுவலகத்திலும் தங்கிவிடுவதைப் பார்வையின்போது கண்டிருக்கிறோம். யார் கையில் எது உள்ளது என்பதற்கு ஒப்பம் பெற்றுக்கொள்வதும் அவசியம்.