கைப்பேசியும் மின்னேற்றியும்

கைப்பேசி வாங்கப் புகும் மாணவர் பலர் அதன் வனப்பையும் விலையையும் நோக்குவரேயன்றி, மின்னூட்டும் வாயிலை நோக்குவாரல்லர். எம் விடுதி அறையில் உறைந்த மூவர்க்கும் மைக்ரோ யு.எஸ்.பி., லைட்னிங், யு.எஸ்.பி.-சி என மூவகை வாயில்கள். ஓரிரவு எம்முள் ஒருவரது மின்னேற்றி பழுதுற்றது, ஏனையிருவருடையனவும் பொருந்தவில்லை. தம் அன்னையார் நோயுற்ற செய்தியை அவர் மறுநாட் காலையிலேதான் அறியலானார்.

இத்தகைய இடர் இப்பொழுது குறைந்து வருகின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் இயற்றிய சட்டத்தின்படி, 2024 டிசம்பர் 28 முதல் ஆங்கு விற்பனைக்கு வரும் புதிய கைப்பேசிகள் யு.எஸ்.பி.-சி வாயில் உடையனவாதல் வேண்டும். ஆப்பிள் நிறுவனமும் 2023-இல் ஐபோன் 15 முதல் அவ்வாயிலை மேற்கொண்டது.

ஆயினும், வாயில் ஒன்றாயின் ஆற்றலும் ஒன்றே எனக் கருதற்க. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்க வருவது வாட்டு. 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் தருவது 15 வாட்டு மின்னேற்றியாம். மிகுந்த வாட்டுடையது கைப்பேசியைக் கெடுக்கும் என்பார் கூற்றும் பொருந்தாது. முறைப்படி அமைந்த மின்னேற்றி, கைப்பேசி வேண்டும் அளவே வழங்கும். சில நிறுவனத்தார்தம் விரைவேற்றம், அவர்தம் மின்னேற்றியும் வடமும் இன்றி நிகழாது. வெப்பம் மின்கலத்தின் வாழ்நாளைக் குறைக்குமாதலின், மின்னேறும்பொழுது கைப்பேசியைத் தலையணைக்கீழ் வைத்தலும் தகாது.

ஆதலின், வாங்குமுன் வாயில் யாது, ஏற்கும் வாட்டு எத்துணை, பெட்டியுள் மின்னேற்றி உளதா என்னும் மூன்றையும் வினவித் தெளிக. பெற்றோர் உழைத்தீட்டிய பொருளன்றோ நாம் செலவிடுவது? கைப்பேசி இருந்தும் பேசவியலா இரவு எவர்க்கும் நேராதொழிக.