ஜன்னலை முடிவு செய்த பிறகு வீட்டை வரையுங்கள்

தாம்பரம், மேடவாக்கம் பக்கம் அரை கிரவுண்டில் வீடு கட்டுகிறவர்கள் முகப்பு டிசைனுக்குச் செலவிடும் யோசனையில் பாதியை ஜன்னலுக்குக் கொடுத்தால் போதும்.

1. பிளான் போடுமுன் காலையிலும் மாலையிலும் மனையில் போய் நில்லுங்கள். வேப்பமரம் எந்தப் பக்கம், அடுத்த வீட்டு பாத்ரூம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். பக்கத்துக் காலி மனையை நம்பாதீர்கள்; ஒருநாள் அங்கே மூன்று மாடி எழும்பும். தெரு, பூங்கா, ஏரி என்று யாரும் கட்ட முடியாத திசைக்கே பெரிய ஜன்னல். (நம் ஊரில் ஏரிக்குக்கூட உத்தரவாதம் கிடையாது!)

2. தெற்கு வெயில் உச்சிவேளையில் உயரமாக நிற்கும். இரண்டடி சன்ஷேடு பெருமளவு மறைத்துவிடும். மேற்கு வெயில் தாழ்வாக நேரே உள்ளே நுழையும். அதற்கு சன்ஷேடு பயன்படாது. படிக்கட்டு, பாத்ரூம், அலமாரிகளை மேற்கே தள்ளுங்கள். நல்ல காட்சி மேற்கில்தான் என்றால் அகலமான வராண்டாவும் மூங்கில் தட்டியும் வேண்டும்.

3. சமையல் மேடைக்கும் படிப்பு மேஜைக்கும் வடக்கு வெளிச்சம்தான் நல்லது; கண் கூசாது.

4. ஜன்னலின் அடிமட்டம் வழக்கமாக மூன்றடி. தரையில் பாய் விரித்து உட்காரும் பாட்டியின் கண் மட்டமோ ஏறக்குறைய இரண்டரை அடிதான். அவருக்குச் சுவரும் கொஞ்சம் வானமும்தான் தெரியும். ஹாலில் ஒரு ஜன்னலையாவது ஒன்றரை அடிக்கு இறக்குங்கள். மேலே கடப்பைக்கல் பதித்தால் அதுவே உட்காரும் திண்டு. கிரில்லில் கம்பிகள் நெட்டுக்குத்தாக இருக்கட்டும். குறுக்குக் கம்பி காட்சியை வெட்டும், குழந்தைகளுக்கு ஏணியாகவும் ஆகும்.

5. சென்னைபோல் புழுக்கமான ஊர்களில் ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி.

6. மேல்விளிம்பு ஏழடி உயரத்தில் உள்ள ஜன்னலின் வெளிச்சம் சுமார் 15 அடிக்கு மேல் உள்ளே எட்டாது. நீள ஹாலுக்கு மறுமுனையிலும் ஒரு திறப்பு வேண்டும். பக்கச் சந்தில் ஜன்னலுக்கு எதிரே உள்ள காம்பவுண்டுச் சுவருக்கு வெள்ளையடியுங்கள். செலவில்லாத விளக்கு அது.

7. மொட்டைமாடித் தளத்தில் கண்ணாடியைப் படுக்கையாகப் பதிக்காதீர்கள். ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் சூரியன் நேர் மேலே வரும். வீடு வேகும், மழையில் ஒழுகவும் செய்யும். படிக்கட்டு அறையின் வடக்குச் சுவரில் நெட்டாக ஒரு கண்ணாடி போதும்.

8. ஜன்னலுக்கு எதிரே டிவி வேண்டாம்.

இதையெல்லாம் சுவர் எழுப்பும் முன்பே மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள். அதன்பின் ஜன்னலை நகர்த்துவது என்றால் சுவரை இடிக்கத்தான் வேண்டும்.