சோடா மூடிகளின் அதிர்வு

அன்புள்ள வாசகருக்கு,

மின்கித்தார் வந்து ஆப்பிரிக்காவின் பழைய வாத்தியங்களை விழுங்கிவிட்டது என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தீர்கள். ஒருகாலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அவ்வளவு பெரிய கண்டத்துக்கு ஒரே பதில் கிடையாது. பல வருடங்களாக நான் கேட்டுவரும் ஜிம்பாப்வே இசையை வைத்துச் சொல்கிறேன்.

அங்கே ஷோனா மக்களின் உயிர் வாத்தியம் எம்பிரா. கனமான ஒரு மரப்பலகை. அதன்மேல் வரிசையாகப் பொருத்திய 22 முதல் 28 வரையிலான இரும்பு நாக்குகள். இரண்டு கட்டைவிரல்களும் வலது ஆள்காட்டி விரலும்தான் வாசிக்கும். நாதம் பெருகப் பலகையை ஒரு பெரிய சுரைக்குடுக்கைக்குள் செருகிக்கொள்வார்கள். முன்னோரின் ஆவியை அழைக்கும் 'பீரா' சடங்கில் விடிய விடிய இந்த வாசிப்புதான். ஒருவர் வாசிக்கும் சுரங்களின் இடுக்குகளில் இன்னொருவர் தன் சுரங்களைப் போட்டுக்கொண்டே போவார். கொஞ்ச நேரத்தில், இருவருமே தனியாக வாசிக்காத ஒரு மெட்டு நடுவிலிருந்து எழும். முதல்முறை அது என் காதில் விழுந்தபோது மூன்றாவதாக ஒருவர் வாசிக்கிறார் என்றே நம்பினேன்.

பலகையிலும் குடுக்கையிலும் சோடா மூடிகளைப் பொருத்தியிருப்பார்கள். ஒவ்வொரு சுரத்தோடும் அவை கிர்ரென்று அதிரும். முன்பு அந்த இடத்தில் நத்தை ஓடுகள் இருந்தன. இரும்பு நாக்குகளும் அப்படித்தான்: கொல்லர்கள் உருக்கிய இரும்பு போய், பழைய மெத்தை, கார் இருக்கைகளின் சுருள்கம்பியைத் தட்டிச் செய்வது வந்தது. சுரைக்குடுக்கைக்குப் பதில் கண்ணாடியிழைக் கூடு வைத்திருப்பவர்களும் உண்டு. நத்தை ஓட்டை விட்டார்கள், அதிர்வை விடவில்லை. எது பழசு, எது புதுசு என்று என்னால் பிரிக்க முடியாமல் போனது இங்கேதான்.

கித்தாருக்கு வருகிறேன். வெள்ளைச் சிறுபான்மை அரசு ஆண்ட ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே), மிஷனரிகள் பலர் எம்பிராவைப் பேய் வழிபாட்டோடு சேர்த்துப் பழித்தார்கள். 1970களில் தாமஸ் மப்ஃபுமோ என்ற பாடகர், அதுவரை பாடிவந்த ஆங்கில ராக் பாட்டுகளை விட்டு ஷோனா மொழிக்கும் எம்பிரா மெட்டுகளுக்கும் திரும்பினார். அவருடைய குழுவின் கித்தார் கலைஞர் ஜோனா சித்தோலே வலது உள்ளங்கையைத் தந்திகளின் அடியில் லேசாக வைத்து அமுக்கி மீட்டினார். நாதம் நீளாமல் சட்டென்று நின்றது, இரும்பு நாக்கைத் தட்டினாற்போல. விதைகள் நிரப்பிய 'ஹோஷோ' குடுக்கையின் சலசலப்பை டிரம்ஸின் ஹைஹாட் தாளத் தட்டுகள் ஏற்றுக்கொண்டன. இந்த இசைக்கு 'சிமுரெங்கா', அதாவது போராட்டம், என்று பெயர். அரசு மப்ஃபுமோவைக் குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் சிறையில் வைத்தது. 1980இல் நாடு விடுதலை பெற்றது. பிறகு, அந்தப் பத்தாண்டின் நடுவில், கித்தார்களுக்குப் பக்கத்தில் எம்பிராவையே மேடையேற்றினார் மப்ஃபுமோ. வாத்தியத்தைத் தன் தோளில் சுமந்து ஊருக்குள் மறுபடி கொண்டுவந்தது கித்தார்தான் என்று நான் சொல்வது இதனால்தான்.

இழப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். எம்பிராவுக்குப் பொதுச் சுருதி கிடையாது. செய்பவருக்குச் செய்பவர், ஊருக்கு ஊர் மாறும். கித்தாரோடு சேர்ந்து ஒலிக்க வேண்டுமென்றால் அதன் சுருதிக்கு இறங்கிவர வேண்டும். அந்தச் சின்னச் சின்ன வேறுபாடுகள் மேடையில் கரைந்துபோவது எனக்கு இன்றும் வலிக்கிறது. அதனால்தான் தனி எம்பிராவையும் கேளுங்கள் என்று கெஞ்சுகிறேன்.

2023இல் மறைந்த ஸ்டெல்லா சிவேஷேயிடமிருந்து தொடங்குங்கள். பெண்கள் எம்பிராவைத் தொடுவதே அரிதாக இருந்த 1960களில் பிடிவாதமாகக் கற்றுக்கொண்டவர். மூடிகளின் அதிர்வு முதலில் பதிவுக் கோளாறு போலத் தோன்றும், நிறுத்திவிடாதீர்கள். அதன் பிறகு மப்ஃபுமோவின் பழைய பதிவுகளுக்குப் போங்கள். கித்தார் தொடங்கியதும் உங்கள் காது அந்த அதிர்வைத் தேடுகிறதா என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்