வாயும் மூட்டும் பார்த்துக் கருவி கொள்க

அன்புள்ள தம்பிக்கு,

மின்பணியாளர் பயிற்சியின் முதலாண்டிலேயே சொந்தக் கருவிப்பெட்டி ஒன்று சேர்க்கத் தொடங்கியிருப்பது பாராட்டுக்குரியது. ஆயினும் அதுபற்றி எழுதிய கடிதத்தின் இறுதியில் கேட்கப்பட்டிருந்த கேள்வி விரிவான விடையை வேண்டி நிற்கிறது. பிடியில் ஆயிரம் வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது, கையில் எடுத்தால் கனமாகவும் இருக்கிறது, இதற்கு மேல் ஒரு கட்டிங் பிளேயரில் பார்ப்பதற்கு என்ன உண்டு என்பது அக்கேள்வி. இவ்வெண்ணம் தம்பி ஒருவருக்கு மட்டும் உரியதன்று. திருநெல்வேலி ஜங்ஷன் கடைகளிலும், சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வழியெங்கும் நடைபெறும் கட்டட வேலைகளிலும், பல்லாண்டு அனுபவம் உள்ள வயர்மேன்கள்கூடக் கனத்தையும் அச்செழுத்தையும் கொண்டே கருவியை மதிப்பிடுகின்றனர். அவ்விரண்டும் தரத்தைக் காட்டமாட்டா என்பதையும், தரம் எங்கே உறைகிறது, அதைக் கடையிலேயே எவ்வாறு சோதிப்பது என்பதையும் விளக்குவதே இக்கடிதத்தின் நோக்கம்.

கனம் என்பது கருவியில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். அவ்வுலோகம் எவ்வாறு உருவாயிற்று என்பதைச் சொல்லாது. உருக்கி அச்சில் ஊற்றிய வார்ப்பும், பழுக்கக் காய்ச்சிய எஃகுத் துண்டை இரு அச்சுக்கட்டைகளுக்கு இடையே வைத்து அறைந்து உருவாக்கிய அடிப்பு வேலையும் தராசில் ஒன்றாகவே நிற்கும். அடித்து உருவாக்கிய கருவியில் உலோகத்தின் இழையோட்டம் கருவியின் வடிவத்தைத் தொடர்ந்து செல்வதால் அது வளைவையும் அதிர்ச்சியையும் தாங்குகிறது; மட்டமான வார்ப்பிலோ காற்றுக் குமிழ்கள் தங்கிய துளைகள் உள்ளே கிடந்து, ஒருநாள் முழு விசையுடன் அழுத்தும்போது அவ்விடத்தில் முறிகிறது. பளபளப்பான முலாம் இக்குறைகளை மறைக்கும் என்பதால், முலாம் முழுமையாகப் படியாத மூட்டின் உள்மடிப்பையும் பற்களின் அடியையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அங்கே நுண்ணிய குழிகள் தென்பட்டால் அக்கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே முறை.

அடித்து உருவாக்கியது என்பதாலேயே ஒரு பிளேயர் நல்லதாகிவிடாது. கருவியின் உயிர் துவைச்சலில் இருக்கிறது. துவைச்சல் என்பது எஃகைச் செந்நிறமாகக் காய்ச்சி, நீரிலோ எண்ணெயிலோ சட்டென்று தோய்த்துக் கடினமாக்குவது. அவ்வாறு கடினமான எஃகு எளிதில் நொறுங்குமாகையால், அதை மீண்டும் மிதமாகச் சூடேற்றி, கடினத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து உறுதியைப் பெறுகின்றனர்; இதனைப் பதமாக்கல் எனலாம். மெருகிட்ட எஃகை மெல்லச் சூடேற்றினால் ஏறத்தாழ 220 டிகிரி செல்சியசில் வைக்கோல் மஞ்சளும், 300 டிகிரியை ஒட்டி நீலமும் அதன்மேல் படரும்; வெப்பமானி இல்லாத உலைக்களத்தில் கொல்லர் இந்நிறங்களைக் கொண்டே பதம் அறிவர். பிளேயர் செய்வோருக்கு இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒரே எஃகுத் துண்டில் வெட்டுவாய் மிகக் கடினமாகவும், உடலும் கைகளும் அழுத்தத்தைத் தாங்கி மீளும் உறுதியோடும் அமைய வேண்டும். கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவையில் நல்ல தயாரிப்புகளின் வெட்டுவாய் 60ஐ ஒட்டியும், உடல் 45ஐ ஒட்டியும் இருக்கும். இவ்வேறுபாட்டைப் பெறுவதற்காக, உயர் அதிர்வெண் மின்னோட்டம் பாயும் செப்புச் சுருளை வாயருகே நிறுத்தி, அவ்விடத்தை மட்டும் நொடிப்பொழுதில் சூடேற்றித் தோய்க்கின்றனர். மலிவான பிளேயரில் விடுபடுவது பெரும்பாலும் இவ்வொரு படிநிலைதான். வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாத படிநிலையும் இதுவே.

இவ்விடத்தில் தாமிரபரணிக் கரையின் தொன்மையை எண்ணிப் பார்ப்பது பொருத்தமற்றதாகாது. ஆதிச்சநல்லூரில் 1876இல் ஆய்வாளர் யாகோர் தொடங்கிவைத்து, 1899 முதல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ விரிவாக நடத்திய அகழாய்வுகளில் வாளும் ஈட்டியும் பிறவுமாக இரும்புப் பொருள்கள் மிகுதியாகக் கிடைத்தன. அங்கிருந்து சிறிது தொலைவில் உள்ள சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 4ஆம் ஆயிரத்தாண்டுக்குச் செல்கிறது என்று, தொல்லியலாளர்கள் கா. ராஜனும் இரா. சிவானந்தமும் எழுதித் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு நூல் தெரிவிக்கிறது. இவ்வகழாய்வு நூல்களைப் புரட்டுவோர் ஆதிச்சநல்லூரில் கிடைத்த பொன்பட்டங்களின் படத்தில் நின்றுவிடுகின்றனர், அல்லது ஆண்டுக்கணக்கைச் சொல்லிப் பெருமை கொள்வதோடு அமைந்துவிடுகின்றனர். இரும்புப் பொருள்களின் பட்டியலைப் பொறுமையாகப் படிப்போர் சிலரே. கல்லிலிருந்து இரும்பைப் பிரித்தெடுப்பது ஒரு திறன். பிரித்தெடுத்த இரும்பின் வாயில் வேண்டிய கடினத்தை வேண்டிய அளவில் நிறுத்துவது அதனினும் நுண்ணிய திறன். இரும்போடு இத்தனை நெடிய பழக்கமுள்ள ஆற்றங்கரையில் பிறந்த இளைஞர், வெட்டுவாயைத் தொட்டும் பாராமல் பிடியின் நிறத்தைப் பார்த்துக் கருவி வாங்குவது வருந்தத்தக்கது. பழம்பெருமை பேசுவதைவிட ஒரு பிளேயரின் வாயைச் சோதிக்கக் கற்பதே அம்மரபுக்குச் செய்யும் மரியாதை.

துவைச்சலை நேரில் காண இயலாது. அதன் விளைவைச் சோதிக்க இயலும். கடைக்காரர் வழக்கமாகச் செப்புக் கம்பி ஒன்றை வெட்டிக் காட்டுவார். செம்பு மென்மையான உலோகமாதலால் மழுங்கிய வாயும் அதை நசுக்கித் துண்டாக்கிவிடும்; எனவே அச்சோதனையால் பயன் சிறிதே. எதையும் வெட்டிப் பார்ப்பதற்கு முன் மூட்டைப் பார்க்க வேண்டும். இரு கைப்பிடிகளையும் விரித்துச் சுருக்கும்போது பிளேயர் தடையின்றியும் சீராகவும் இயங்க வேண்டும்; ஒரு கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு மற்றதைப் பக்கவாட்டில் அசைத்தால் அசைவு இருத்தலாகாது. மூட்டாணி தளர்ந்திருந்தால் இரு வாய்களும் ஒன்றையொன்று சந்திக்காமல் விலகிச் செல்லும். அந்நிலையில் எத்துணைச் சிறந்த துவைச்சலும் வீணாகும்.

அடுத்து, பிளேயரை இலேசாக மூடி வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால், வெட்டுவாய்களுக்கு இடையே ஒளி அறவே தெரியாமலோ மயிரிழையளவில் சீராகவோ இருக்க வேண்டும். இரு முனைகளும் தொட்டு நடுவில் ஒளி தெரிந்தால், அவ்வாய் சரியாகத் தீட்டப்படவில்லை என்பது தெளிவு. பின்னர், பழைய வயர்மேன்கள் இருபத்துமூன்று எழுபத்தாறு என்று வழங்கும் வயரிலிருந்து ஓரிழையை உருவிக்கொள்ளலாம். 23 இழைகள், ஒவ்வொன்றும் 0.0076 அங்குல விட்டம் என்பது அப்பெயரின் பொருள். அதாவது ஓரிழை 0.2 மில்லிமீட்டருக்கும் மெல்லியது. அவ்விழையை வாயின் நுனியிலும் நடுவிலும் அடியிலும் வைத்து வெட்டினால், மூன்றிடத்திலும் துண்டு அறுந்து விழ வேண்டும். ஓரிடத்தில் அறாமல் மடிந்து வாய்க்கிடையே தொங்கினால், அவ்விடத்தில் வாய்கள் பொருந்தவில்லை என்று அறியலாம். இறுதியாக, துத்தநாக முலாமிட்ட ஜி.ஐ. கம்பி ஒன்றை வெட்டி வாயை உற்றுப் பார்த்தல் வேண்டும்: பள்ளம் விழுந்திருந்தால் துவைச்சல் போதாது; சில்லு தெறித்திருந்தால் துவைச்சல் மிகுந்து பதம் குறைந்துவிட்டது. கடைக்காரர் இசைந்தால் அரத்தின் ஓரத்தை வெட்டுவாயின்மேல் மெல்ல இழுத்தும் பார்க்கலாம். அரம் வழுக்கிச் சென்றால் வாய் கடினமானது, கடித்துத் துகளைக் கொணர்ந்தால் அது வெறும் இரும்பு.

பிளேயரை விட்டுத் திருப்புளிக்கு வந்தால், அதன் தரம் நுனியில் இருக்கிறது. நுனி ஆப்பு வடிவில் சரிந்திருந்தால், திருக்கும்போது அது திருகாணியின் பள்ளத்திலிருந்து மேலெழும்பி வெளியேறும். இருபக்கமும் இணையாக நின்று பள்ளத்தை முழுமையாக நிரப்பும் நுனியே நல்லது. சுவிட்சு, சாக்கெட்டுகளின் முனையங்களில் உள்ள பித்தளைத் திருகாணிகள் மென்மையானவை. அளவு பொருந்தாத நுனியால் அவற்றின் தலை சிதைந்து, இணைப்பு முழுமையாக இறுகாமல், பின்னாளில் சூடேறிக் கருகுகிறது. வயர் உரிக்கும் கருவிக்கும் இது போன்ற ஒரே அளவுகோல் உண்டு: உரித்த செப்பின்மேல் கீறல் விழலாகாது, ஏனெனில் கீறல் விழுந்த இடத்திலேயே கம்பி பின்னர் முறியும்.

மின்சாரம் உள்ளதா என்று காட்டும் டெஸ்டரைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ராம்சேயும் டிராவர்சும் 1898இல் கண்டறிந்த நியான் வாயுவே அதன் சிறு குமிழில் அடைபட்டிருக்கிறது. அதனோடு ஏறத்தாழ 10 இலட்சம் ஓம் மின்தடை ஒன்றும் தொடராக அமைந்துள்ளது. 230 வோல்ட்டில் அத்தடை, உடல் வழியே செல்லும் மின்னோட்டத்தைக் கால் மில்லிஆம்பியருக்குள் நிறுத்துவதால்தான் தொடுபவருக்கு அதிர்ச்சி தெரிவதில்லை. ஆகவே டெஸ்டரில் பார்க்க வேண்டியது அம்மின்தடையும் அதனை அழுத்தி நிறுத்தும் வில்லும் உள்ளே உரிய இடத்தில் இருக்கின்றனவா, குமிழுக்குள் ஈரம் புகாதவாறு மூடி இறுகுகிறதா என்பனவே. அதைத் திருப்புளியாக்கித் திருகாணி முடுக்குவதும், ஆப்பாக்கி நெம்புவதும் உள்ளிருக்கும் உறுப்புகளைத் தளர்த்தும் அறிவற்ற செயல்கள்; பயிற்சி பெற்றவர் அவற்றைச் செய்வது மன்னிக்கத்தக்கதன்று. உலர்ந்த மர ஏணியின்மேல் நிற்பவருக்கு மின்சாரம் இருந்தும் டெஸ்டர் எரியாமல் போகலாம். நண்பகல் வெயிலில் எரிவது கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். மின்சாரம் உள்ளதென்று அறிந்த இடத்தில் முதலில் சோதித்து, பின் வேலை செய்யும் இடத்தில் சோதித்து, மீண்டும் முதலிடத்தில் சோதித்த பின்னரே டெஸ்டர் எரியாமையை ஒரு சான்றாகக் கொள்ளலாம்.

இனி அந்த ஆயிரம் வோல்ட் அச்சு. பிடியின்மேல் மாட்டிய பிளாஸ்டிக் உறை பெரும்பாலான பிளேயர்களில் கைக்கு வாகாக இருப்பதற்காகவே உள்ளது. அதன்மேல் எந்த எண்ணையும் யாரும் அச்சிட்டுவிடலாம். மின்னோட்டம் உள்ள இடத்தில் கையாளத்தக்க கருவிகளுக்கான பன்னாட்டுத் தரம் ஐ.இ.சி. 60900. மாறுமின்னோட்டத்தில் 1000 வோல்ட் வரையும், நேர்மின்னோட்டத்தில் 1500 வோல்ட் வரையும் அத்தரம் பொருந்தும். ஆனால் மாதிரிக் கருவி 24 மணி நேரம் நீரில் ஊறிய பின்னர் 10,000 வோல்ட்டை 3 நிமிடம் தாங்கிக் காட்ட வேண்டும். உறை தீப்பற்றிப் பரவாமை, வெப்பத்தில் கழன்று வராமை, குளிரில் அடிபட்டு உடையாமை ஆகியவையும் சோதிக்கப்படும். இத்தரத்துக்கு உட்பட்ட கருவியில் இரட்டை முக்கோணக் குறியும், 1000 வோல்ட் என்ற அளவும், தரத்தின் எண்ணும், செய்தவர் பெயரும், ஆண்டும் ஒருங்கே காணப்படும். இவற்றுள் வோல்ட் அளவு மட்டும் தனித்து நின்றால் அது விளம்பரமே. பல நல்ல தயாரிப்புகளில் உறை இரு நிறங்களில் இரண்டு அடுக்காக இருக்கும். மேலடுக்கு தேய்ந்து உள்நிறம் தெரியும் நாளே கருவியை ஒதுக்கும் நாள்.

பாபநாசம் நீர்மின் நிலையம் 1944இல் இயங்கத் தொடங்கிய காலத்தில் தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் மின்பணியாளர்களுக்கு இத்தகைய பாதுகாப்பு இருக்கவில்லை; மேற்சொன்ன பன்னாட்டுத் தரத்தின் முதற் பதிப்பே 1987இல்தான் வெளிவந்தது. தேய்ந்த பிடியில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொண்டு வேலை செய்வது வேறு வழியற்ற காலத்துக்குப் பொருந்தியிருக்கலாம். இன்று அதைத் திறமையின் அடையாளம்போல் காட்டிக்கொள்வது பேதைமை. சித்திரை வெயிலில் வண்டிப்பெட்டிக்குள் கிடந்து இளகிய உறையும், ஐப்பசி மழையில் ஈரம் ஏறிய சுவரும் ஒன்றுசேரும் இடத்தில் அந்த டேப் எதையும் தடுக்காது.

எந்தப் பெயருள்ள கருவியை வாங்குவது என்று கேட்பாரும் உளர். நாசிக்கிலும், ஜலந்தர், லூதியானா நகரங்களிலும் கைக்கருவிகளைச் செய்யும் தேர்ந்த ஆலைகள் உண்டு. நல்ல பெயருக்குப் போலிகளும் உண்டு. பெயர் ஒரு தொடக்கமே ஆகும். கையிலுள்ள அந்த ஒரு கருவியைச் சோதித்தறியும் கடமையிலிருந்து அது யாரையும் விடுவிக்காது. மூட்டு, வாய், நுனி, உறை என்ற வரிசையில் பார்த்து முடித்த பின்னரே பெயரையும் விலையையும் கருத வேண்டும். வாங்கிய பின் மூட்டில் துளி எண்ணெய் விடுதலும், பிளேயரைச் சுத்தியலாக்காதிருத்தலும் போதுமான பராமரிப்பு.

இத்தனை சோதனைகளிலும் தேறிய கருவியும் பாதுகாப்பில் இரண்டாமிடமே பெறும். முதலிடம் மெயினை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்குவதற்கு உரியது. அடுத்த முறை கடைக்குச் செல்கையில் தம்பியின் சட்டைப்பையில் ஒரு முழம் 23/76 வயரும், சிறு ஜி.ஐ. கம்பித் துண்டும் இருக்கட்டும். அவற்றை வெட்டிப் பார்க்க விடாத கடையில் கருவி வாங்க வேண்டாம்.