நிக்காஹ் பக்கத்துக்கு அடுக்கு அழகு: லாத்தாவின் டிப்ஸ்

தங்கச்சி, காயல்பட்டினத்துக் கல்யாணங்களுக்கு அச்சடித்த பத்திரிகையோடு வலைப்பக்கமும் செய்து தரச் சொல்லி இனி உன்னிடம் கேட்பார்கள். கொழும்பிலும் ஹாங்காங்கிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் அதைக் கைப்பேசியில்தான் திறப்பார்கள். அடியில் கடல், அதன்மேல் மங்கலாக ஒரு வளைவு, அதற்கும் மேல் பொன்னெழுத்தில் பெயர்கள் என்று அடுக்கிவிட ஆசை வரும். தாராளமாகச் செய். ஆனால் பெயர், தேதி, இடம் மூன்றும் பார்த்தவுடன் வாசிக்க வர வேண்டும். அழகெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் வண்ணம். நம் கடற்கரை கிழக்கு பார்த்தது, சூரியன் கடலிலிருந்தே எழும். அதனால் கீழே வெளிர் ஆரஞ்சு, மேலே சாம்பல் கலந்த நீலம் என்று ஒரு லீனியர்-கிரேடியன்ட் போட்டாலே விடியல் வந்துவிடும், படமே தேவையில்லை. படம் வேண்டுமென்றால் ஒரே பேக்ரவுண்டில் இரண்டையும் காற்புள்ளியிட்டு எழுது. முதலில் எழுதுவது மேலே நிற்கும். ஆகவே பாதி ஊடுருவும் கருநிறக் கிரேடியன்ட்டை முதலிலும் கடல் படத்தை அடுத்தும் வை. வெள்ளை எழுத்து அதன்மேல் தெளிவாக நிற்கும். படத்தை மங்கலாக்கத் தாய்ப் பெட்டிக்கு ஒபாசிட்டி கொடுத்துவிடாதே, உள்ளே இருக்கும் எழுத்தும் சேர்ந்து மங்கிப்போகும்.

பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க எல்லாரும் பொசிஷன் அப்சல்யூட்டைத்தான் தேடுவார்கள். எனக்குக் கிரிட்தான் பிடிக்கும். தாய்ப் பெட்டியைக் கிரிட் ஆக்கி, பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் கிரிட்-ஏரியாவை 1/1 என்று கொடு. எல்லாம் ஒரே கட்டத்தில் வந்து அடுக்கிக்கொள்ளும், எச்.டி.எம்.எல்.லில் பின்னால் எழுதியது மேலே வரும். பெயர் நீளமானால் பெட்டியும் கூடவே வளரும். அப்சல்யூட்டில் அது நடக்காது, நீளமான பெயர்கள் வெளியே வழிந்துவிடும்.

இசட்-இண்டெக்ஸ் 1998-இல் சி.எஸ்.எஸ். இரண்டாம் பதிப்பிலேயே வந்துவிட்டது. இன்றும் பிள்ளைகளை அதிகம் அழவைப்பது அதுதான். 9999 கொடுத்தும் பெட்டி மேலே வரவில்லையா? அதன் தாய்ப் பெட்டியைப் பார். ஒன்றுக்குக் குறைவான ஒபாசிட்டி, டிரான்ஸ்ஃபார்ம், ஃபில்டர் இவற்றில் ஏதாவது அங்கே இருந்தால் அது தனி அடுக்குலகம் ஆகிவிடும். பள்ளத்து வீட்டில் எத்தனை படி ஏறினாலும் மேட்டுத்தெருத் திண்ணையை எட்ட முடியாதது போல, உள்ளே எந்த எண்ணைக் கொடுத்தாலும் அந்தத் தாயின் உயரத்தைத் தாண்டாது. எண்ணைக் கூட்டாதே, தாயை மாற்று. மிக்ஸ்-பிளெண்ட்-மோடில் மல்டிப்ளை வைத்துப் படங்களைக் கலக்கும்போது இதே குணம் நமக்கு உதவும். ஐசொலேஷன்: ஐசொலேட் என்று தாய்க்குக் கொடுத்தால் கலப்பு அந்தப் பெட்டிக்குள்ளேயே நிற்கும், பின்னணியைக் கெடுக்காது.

பொன்னெழுத்துக்கு வருவோம், நம் எழுத்துகளுக்கென்று தனிக் கவனம் தேவை. பேக்ரவுண்ட்-கிளிப்பில் டெக்ஸ்ட் கொடுத்து, எழுத்து நிறத்தை டிரான்ஸ்பரன்ட் ஆக்கினால் பொன் கிரேடியன்ட் எழுத்துக்குள் தெரியும். தமிழில் 'கீ'யின் மேல் வளைவும் 'மூ'வின் கீழ்ச் சுழியும் பெட்டிக்கு வெளியே போனால் அந்தப் பகுதி காணாமல் போகும். லைன்-ஹைட்டை 1.6 அளவுக்கு வைத்து, மேலும் கீழும் கொஞ்சம் பேடிங் கொடு. அங்கே டெக்ஸ்ட்-ஷேடோ போட்டால் நிழல் பொன்னின் மேலேயே விழுந்து அழுக்காகும், ஃபில்டரில் டிராப்-ஷேடோ போடு. பிஸ்மில்லாஹ்வை அரபியில் வைத்தால் திசையை ஆர்.டி.எல். என்று குறி. லெட்டர்-ஸ்பேசிங் கூடவே கூடாது, சேர்ந்து நிற்க வேண்டிய எழுத்துகள் பிரிந்துவிடும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

நிழலெல்லாம் ஒரே பக்கம் விழட்டும். பாக்ஸ்-ஷேடோவில் நெருக்கமாக ஒன்று, அகலமாக மங்கலாக ஒன்று, இரண்டு போதும். மேலே அலங்காரத்துக்கு வைத்த பூச்சரப் படத்துக்குப் பாயின்ட்டர்-ஈவென்ட்ஸ்: நன் கொடு. இல்லையென்றால் கீழே இருக்கும் வழி காட்டும் பொத்தானை யாராலும் அழுத்த முடியாது. பேக்டிராப்-ஃபில்டர் கண்ணாடி போல அழகுதான், ஆனால் பழைய கைப்பேசி திணறும், ஓரிடத்தில் மட்டும் வை. சிறிய எழுத்துக்கும் பின்னணிக்கும் வேறுபாடு 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க ஏற்ற அளவு, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 போதும்.

முடித்ததும் வீட்டிலேயே விலை குறைந்த கைப்பேசியில் பக்கத்தைத் திற. முற்றத்து வெயிலில் உம்மா கையில் கொடுத்து, நிக்காஹ் தேதியையும் இடத்தையும் வாசிக்கச் சொல். கண்ணைச் சுருக்கினார்கள் என்றால் ஓர் அடுக்கை எடுத்துவிடு.