மாமாவின் லீ என்பீல்ட்டுக்கு ரவை தேடியபோது

பழைய இராணுவ றைபிள் ஒன்று வாரிசாகக் கைக்கு வந்தால், எந்த ரவை வாங்குவது என்ற கேள்விதான் முதலில் எழும். துவக்கை முழுதாகப் பார்த்து முடிக்கும்வரை ஒரு பெட்டியும் வாங்க வேண்டாம் என்பது என் பதில். கடைக்காரர் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைத்தான் சொல்வார். உங்கள் குழலுக்குள் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது.

என்னிடம் வந்தது லீ என்பீல்ட் நம்பர் 4. என் மனைவியின் தகப்பன் ஒன்ராறியோவில் மான் வேட்டைக்குக் கொண்டுபோன துவக்கு. போருக்குப் பின் உபரியாக மலிவு விலையில் விற்றவற்றில் ஒன்றை வாங்கி, பாரம் குறைய முன்மரத்தை வெட்டிச் சீராக்கி வைத்திருந்தார். கனடாவில் அப்படி வெட்டப்பட்டவை ஏராளம். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்குத் துவக்கென்றால் பயம்தான் தெரியும். அதைத் தொடும் முறையை மாமாதான் பொறுமையாகப் பழக்கினார். அவர் இருக்கும்போதே பாதுகாப்புப் பயிற்சியை முடித்து உரிமமும் எடுத்துவிட்டேன். அந்த உரிமம் இல்லாமல் இங்கே துவக்கைக் கையேற்கவும் முடியாது, ரவை வாங்கவும் முடியாது. நெடுந்துவக்குப் பதிவேடு 2012இல் ஒழிந்துவிட்டது உண்மை. ஆனால் 2022 மே மாதத்திலிருந்து, இப்படியான சாதாரண வகைத் துவக்கு கைமாறும்போதும் பெறுபவரின் உரிமத்தைப் பதிவாளரிடம் சரிபார்க்க வேண்டும். மரணசாதனம் வழியாக வருவதென்றால், பொலிஸின் துவக்குத் திட்ட அலுவலகத்திடம் முதலே கேட்டுவிடுங்கள்.

பிறகு எழுத்துகளை வாசியுங்கள். மாமாவின் துவக்கில் இடப்பக்க உலோகத்தில் லோங் பிராஞ்ச் என்ற பெயரும் போர்க்கால ஆண்டும் பொறித்திருந்தன. தொடரிலக்கத்தின் நடுவே அந்தத் தொழிற்சாலைக்குரிய 'எல்' எழுத்து. ரொறொன்ரோவுக்கு மேற்கே ஏரிக்கரையில் இயங்கிய அந்த அரச தொழிற்சாலை ஏறக்குறைய 9 இலட்சம் றைபிள்கள் செய்தது. வேலைசெய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதன் பரிசோதனைக் கட்டடம் இன்றும் மிசிசாகாவில் நிற்கிறது; ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இந்தப் பொறிப்பு துவக்கு பிறந்த இடத்தைத்தான் சொல்லும். இன்று அது எந்த ரவைக்கு உரியது என்பதைச் சொல்லாது. நம்பர் 4 துவக்குகள் சில பின்னாளில் இலக்குப் போட்டிகளுக்காக 7.62 நேட்டோ ரவைக்கு மாற்றப்பட்டன. இந்தியாவில் இஷாபூர் தொழிற்சாலை பழைய லீ என்பீல்ட் வடிவத்திலேயே 7.62க்கென்று 2ஏ வகையைச் செய்தது. பயிற்சிக்கான .22 வகையும் உண்டு. தூர நின்று பார்த்தால் எல்லாம் ஒரே குடும்பம். ஆகவே குழலிலும் ரவை அறையைச் சுற்றியும் உள்ள குறிகளைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் துவக்குத் திருத்துநர் ஒருவரிடம் ரவை அறைக்கு அச்சு எடுக்கச் சொல்லுங்கள். 90 பாகை செல்சியசுக்குக் கீழேயே உருகும் கலப்புலோகத்தை ஊற்றி, ஆறியபின் எடுத்து அளப்பார்கள். சிறிய செலவு, அதற்குப் பின் ஊகத்துக்கு இடமில்லை.

303 என்ற இலக்கத்தை மட்டும் நம்புவதும் ஆபத்து. லீ என்பீல்ட்டுக்கு உரியது .303 பிரிட்டிஷ். மெற்றிக் அளவில் 7.7×56ஆர் என்று பெட்டியில் இருந்தாலும் அதுதான் இது. .303 சாவேஜ் என்பது அமெரிக்க வேட்டைத் துவக்கொன்றுக்குப் பிறந்த வேறு ரவை. ஜப்பானிய அரிசாக்காவின் 7.7×58க்கு அடிவிளிம்பே வெளியே நீட்டாது. ரஷ்ய 7.62×54ஆர் ரவைக்கு விளிம்பு உண்டு, ஆனாலும் இதற்கு ஆகாது. பழைய பொருட்கள் கலந்து விற்கும் மேசைகளில் இவையெல்லாம் ஒரே தட்டில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ரவை எதுவென்று தெரிந்தபின் வருவது ஹெட்ஸ்பேஸ். பூட்டிய போல்ட்டின் முகத்துக்கும் கோதின் விளிம்பு அமரும் இடத்துக்கும் இடையிலான தூரம் அது. நம்பர் 4இல் போல்ட் தலை தனியாகக் கழன்று வரும். 0 முதல் 3 வரை இலக்கமிட்டு, நீளம் சிறிது சிறிதாகக் கூடும்படி செய்தார்கள். தேய்ந்த துவக்குக்கு அடுத்த இலக்கத் தலையைப் பூட்டினால் தூரம் குறையும். இலக்கத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம், ஒரே இலக்கத்துக்குள்ளேயே நீளம் சற்று வேறுபடும். அளவுகோல் போட்டுப் பார்ப்பதுதான் வழி. 1.63 மில்லிமீற்றர் கோலின் மேல் போல்ட் மூட வேண்டும், 1.88 கோலின் மேல் மூடவே கூடாது. கழற்றிக் கிடக்கும் பழைய துவக்கில் வேறொன்றின் போல்ட் ஏறியிருக்கவும் கூடும். போல்ட் கைப்பிடியில் உள்ள இலக்கமும் உடலின் இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள்.

இந்தத் துவக்குகளின் ரவை அறையைச் சேற்றிலும் மணலிலும் சிக்காதபடி சற்றுத் தாராளமாகவே குடைந்தார்கள். சுடும்போது பித்தளைக் கோது அடிப்பகுதிக்குச் சற்று மேலே இழுபட்டு மெலிகிறது. அங்கே பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் அந்தக் கோதை மறுபடி நிரப்பக் கூடாது. வளைத்த கம்பி நுனியால் உள்ளே தடவிப் பார்த்தால் பள்ளம் தட்டுப்படும். ரவையை மீள நிரப்புபவர்கள் கோதின் கழுத்தை மட்டும் ஒடுக்குவது இதனால்தான். முழுக்க ஒடுக்கினால் சீக்கிரம் அறுந்துபோகும். துவக்கோடு வெற்றுக்கோதுகள் வந்தால் வீசாதீர்கள். அந்தத் துவக்கிலேயே வெடித்தவை என்றால், அதன் ரவை அறை எப்படிப்பட்டது என்பதை அவைதான் காட்டும். மாமா ஒரு தகரப் பேணி நிறைய வைத்திருந்தார். திருத்துநர் முதலில் கேட்டு வாங்கிப் பார்த்தது அவற்றைத்தான்.

இனிச் சன்னம். நான் அதிக நேரம் செலவிட்டது இதில்தான். .303 பிரிட்டிஷ் சன்னத்தின் விட்டம் .311 முதல் .312 அங்குலம். சாதாரண 30 கலிபர் சன்னங்கள் .308 அங்குலம்தான். பெயரைப் பார்த்து ஏமாறாமல் இருக்க இதை மனத்தில் வையுங்கள். போர்க்காலக் குழல்கள் இந்த அளவிலும் அகன்று இருப்பதுண்டு. அக்கால ரவைகளின் கோர்டைற் மருந்துச் சூடு வேறு தொண்டைப் பகுதியை அரித்திருக்கும். ஆகவே மென்மையான ஈயக் குண்டொன்றைக் குழலுக்குள் தட்டி எடுத்து அளந்தேன். மாமாவின் குழல் சற்று அகலமானது. அப்படியான குழலில் பின்புறம் ஒடுங்கிய சன்னம் நன்றாக அடைபடுவதில்லை. அடி தட்டையான சன்னம் அழுத்தத்தில் விரிந்து வரிகளைப் பற்றிக்கொள்ளும். 1910இல் பிரித்தானியா ஏற்ற மார்க் 7 ரவையின் சன்னமும் தட்டை அடிதான்: 174 கிரெயின், விநாடிக்கு ஏறத்தாழ 744 மீற்றர். துவக்கின் காண்குறிகள் அந்த ரவைக்கே கணக்கிடப்பட்டவை.

சுடுதளத்தில் மூன்று வகை போட்டுப் பார்த்தேன். முழு உலோக உறையும் ஒடுங்கிய பின்புறமும் கொண்ட 174 கிரெயின் சன்னங்கள் அகலச் சிதறின. 150 கிரெயின் உதைப்புக் குறைவாக, தோளுக்கு இதமாக இருந்தது; ஆனால் குறி வேறிடத்தில் விழுந்தது. தட்டை அடியுள்ள 180 கிரெயின் மென்முனை ரவைதான் நெருக்கமாகக் கூடியது. உங்கள் குழல் வேறு மாதிரிச் சொல்லலாம். ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி வாங்கிப் பாருங்கள். மடிக்கும் பின்காண்குறி 300, 600 யார் தூரங்களுக்கானது என்பதால் 100 யாரில் ரவை மேலே விழும். அது ரவையின் பிழையல்ல. வேட்டைக்கு மென்முனையே சரி. முழு உறைச் சன்னம் விரியாமல் ஊடுருவிப் போய், மிருகத்தைக் காயத்தோடு அலையவிடும். பல இடங்களில் சட்டமும் தடுக்கிறது.

மாமாவின் பெட்டியில் பழைய இராணுவ ரவைகளும் இருந்தன. அவற்றின் அடியை வாசிப்பது தனி இன்பம். 'கே எப்' என்றால் புனேக்கு அருகேயுள்ள கிர்க்கி. 'டி ஐ' என்றால் கனடாவின் போர்க்காலத் தயாரிப்பு. பிரைமரைச் சுற்றிய வளையம் ஊதாவாக இருந்தால் சாதாரணச் சன்னம். சிவப்பு, பச்சை, நீலம் என்றால் தொடாதீர்கள்: முறையே தடங்காட்டி, கவசத் துளைப்பு, தீமூட்டி வகைகள். அவற்றைப் பொலிஸுக்கு அறிவியுங்கள். கழுத்து வெடித்தவை, பச்சை படிந்தவை சுடுவதற்கில்லை. மார்க் 8 என்றிருந்தால் அது விக்கர்ஸ் யந்திரத் துப்பாக்கிக்கானது. றைபிள் குழலைச் சீக்கிரம் தேய்க்கும். நல்ல நிலையில் உள்ளதைச் சுட்டாலும், பழைய பிரைமரின் புகையில் உப்புப் படியும். எண்ணெய் அதைக் கரைக்காது. அன்றைக்கே கொதிநீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, பிறகுதான் எண்ணெய். விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் குழலை இலக்கை நோக்கியே அரை நிமிடமாவது பிடித்திருங்கள். தாமதமாக வெடிக்கும் பழைய ரவைகள் உண்டு. நான் அந்தப் பெட்டியைச் சுடவில்லை. அவை மாமாவின் நினைவாக உரிய பூட்டுக்குள் இருக்கின்றன.

இந்த ரவை தீர்ந்துவிடும் என்று யாரும் பயப்பட வேண்டாம். 1947இல் தொடங்கிய கனேடிய ரேஞ்சர் படையினர் வடபுலத்தில் பல பத்தாண்டுகள் இதே நம்பர் 4ஐத்தான் சுமந்தார்கள். 2018இல்தான் புதியது வரத் தொடங்கியது. கிராமப்புற வேட்டைக்காரர் பலர் இன்னும் விடவில்லை, கடைகளிலும் தொடர்ந்து வருகிறது. விலைதான் கூடிக்கொண்டு போகிறது. பொருந்தும் ரவையைக் கண்டதும் பெட்டியின் தொகுதி இலக்கத்தைக் குறித்துவைத்து, அதே தொகுதியில் அந்தப் பருவத்துக்குத் தேவையானதை ஒரேயடியாக வாங்குங்கள். தொகுதி மாறினால் காட்டுக்குப் போகுமுன் மறுபடி சுடுதளத்தில் குறி பாருங்கள்.